ஊருணித் திருப்பணி நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியவர்களுக்கும் தலைக்கட்டுதாரர்கள் அனைவருக்கும் கமிட்டிச் செயலாளரின் வணக்கம்.

குடிதண்ணீர் ஊருணி வேலை முடிந்து, ஐப்பசி மழையில் தண்ணீரும் தேங்கிவிட்டது. கரைப் பிள்ளையார் கோயிலுக்கு வெள்ளையடித்தாயிற்று, படித்துறை பூசியாயிற்று, வரத்துக்கால் வெட்டியாயிற்று, வேலியும் போட்டாயிற்று. இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நல்லதாகவும் சொல்லவில்லை. டீக்கடையில் பேச்செல்லாம் மதிப்பீட்டுக்கு மேலே போன 47,400 ரூபாயைப் பற்றியும் மண்ணைப் பற்றியும்தான். அதையே எழுதுகிறேன்.

காண்ட்ராக்டரோடு பேசியது யூனிட் கணக்கு. வெட்டுகிற மண் அளவுக்குக் கூலி, ஆழம் மூன்றடி. 'மணிக் கணக்கில் பேசியிருக்கலாமே' என்று இப்போது சொல்கிறார்கள். மணிக் கணக்கில் விட்டால் ஜேசிபி நிழலில் நிற்கும், மீட்டர் ஓடும். பக்கத்து ஊரில் அப்படித்தான் ஏமாந்தார்கள். யூனிட் கணக்கில் வேறொரு ஆபத்து இருப்பது எங்களுக்கு உறைக்கவில்லை. ஆழமாக வெட்ட வெட்ட அவருக்குத்தானே லாபம்? அது எங்கள் தவறு, ஒத்துக்கொள்கிறோம்.

நாலாம் நாள் மதியம், நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில், கடற்பக்க மூலையில் ஐந்தடிக்கு மேல் இறங்கிவிட்டார்கள். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே இருக்கிற நம் கடற்கரையில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலேதான் மிதக்கிறது. நம் ஊருணியில் அந்த இரண்டுக்கும் நடுவே தடுப்பாக இருப்பது அடியில் கிடக்கும் களிமண்தான். அதைத் துளைத்தால் மழைத் தண்ணீர் கீழே இறங்கிவிடும், கோடையில் உவர் மேலே ஏறும். மூலையில் களிமண் அறுபட்டு, கீழே வெள்ளை மணல் தெரிந்தது.

அதைக் கண்டுபிடித்தது கமிட்டி இல்லை. வடக்குத் தெருப் பாட்டி ஒருவர், ஐம்பது வருசமாக அந்தக் கரையில் தண்ணீர் எடுத்தவர், வேடிக்கை பார்க்க வந்தார். குழியில் ஊறியிருந்த கலங்கலைக் கையில் அள்ளி நாக்கில் வைத்தார், துப்பினார். "டேய், உவரு ஏறிருச்சுடா. மிசினை நிறுத்தச் சொல்லு." ஓட்டுநர் நிறுத்தவில்லை. பாட்டி சேலையைச் செருகிக்கொண்டு குழியில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் நின்றது.

அன்று ராத்திரி ஒன்று உறைத்தது. கமிட்டியில் ஏழு பேரும் ஆம்பளைகள். ஏழு பேரில் ஒருவர்கூட அந்த ஊருணியிலிருந்து ஒரு குடம் தூக்கியவர் இல்லை. மறுநாளே அந்தப் பாட்டியையும் காலனியிலிருந்து ஒரு தங்கச்சியையும் கமிட்டியில் சேர்த்தோம். 'கூட்டம் போடாமல் எப்படிச் சேர்த்தீர்கள்' என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், கூட்டம் போடவில்லை.

காண்ட்ராக்டர் வெட்டிய அளவு முழுவதுக்கும் காசு கேட்டார். மூன்றடிக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்றோம். ஜேசிபியைப் படித்துறைப் பாதையின் குறுக்கே இரண்டு நாள் நிறுத்திவைத்தார். போலீசுக்குப் போகலாம் என்றார்கள் இளவட்டங்கள். அப்போதே ஆவணி பாதி போய்விட்டது. நம் பக்கத்து மழை ஐப்பசி, கார்த்திகையை விட்டால் கிடையாது. வழக்கு முடியும்வரை மழை காத்திருக்குமா? நாட்டாமை, பள்ளிவாசல் ஜமாத்தார், மாதா கோயில் கோயில்பிள்ளை மூவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசி, வண்டி நின்ற நாளுக்கென்று 14,000 ரூபாய் கொடுத்து அனுப்பினோம். தண்டம்தான். அந்தத் தண்டத்தைக் கட்டாவிட்டால் இன்று ஊருணி வெறுங்குழியாகக் கிடந்திருக்கும்.

மீதி 33,400 குழியை மூட. அனுமதி வாங்கிக் கண்மாய்க் களிமண் கொண்டுவந்து, அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து மிதிக்க வேண்டும். மிதிக்கக் கூலி கொடுக்கவில்லை. மூன்று சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மீன்பிடித் தடைக்காலக் கடனை இன்னும் அடைக்காத நம் பையன்களும் முழங்கால் சேற்றில் நின்று மிதித்தார்கள். ஒரு வீட்டுக் கல்யாணத்தில்கூட நம் நாலு தெருவும் இப்படி ஒன்றாக நின்று நான் பார்த்ததில்லை.

'குழாயில் காவிரி வருகிறதே, அரசாங்கம் செய்யட்டுமே' என்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1858-இல் வெள்ளைக்காரன், உடைகிற கண்மாய்க் கரைக்கு ஆள் வராவிட்டால் தண்டனை என்று சட்டமே போட்டான். கரை அடைக்கச் சட்டம் ஆள் பிடித்துத் தரும், சரி. களிமண் அறுபட்டதை நாக்கில் வைத்துச் சொல்ல ஆள் தருமா? சீமைக் கருவேலத்தைப் பாருங்கள். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு என்று வந்து வெட்டினார்கள். தூரை விட்டுப் போனதால் மறுபடி காடாகிவிட்டது. இந்த முறை வீட்டுக்கு ஒரு ஆள், மூன்று ஞாயிற்றுக்கிழமை, தூரோடு தோண்டினோம். வர முடியாத வீடு ஒரு ஆள் கூலி கட்டியது.

மண்: மொத்தம் 412 லோடு. பள்ளிக்கூட மைதானம், கபர்ஸ்தான் பாதை, மாதா கோயில் முன்பள்ளம், காலனித் தெரு என்று போனது. விற்கவில்லை. என் வீட்டுக்கு இரண்டு லோடு வந்தது உண்மை. டிப்பர் வாடகை கட்டிய ரசீது நோட்டில் ஒட்டியிருக்கிறது.

வரவு: 175 தலைக்கட்டு, தலைக்கு 2,000, ஆக 3,50,000. நன்கொடை 2,45,000. கல்வெட்டில் யார் பெயரும் வேண்டாம் என்று பொதுக்கூட்டம் முடிவு செய்ததால் இங்கும் பெயர் இல்லை. ஆனால் ஊருக்கு ஆள் தெரியும்: சிங்கப்பூரில் வெல்டிங் பார்க்கும் அண்ணன் தம்பி மூவர், துபாய் டீக்கடைக்காரர், கருவாட்டு ஏலம் எடுக்கும் அக்கா, ஐஸ் கம்பெனி முதலாளி, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மளிகைக்கடை அண்ணாச்சி, திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் நம் பிள்ளைகள் பதினோரு பேர், சுண்டு நெத்திலி விற்ற காசில் 200 ரூபாய் முடிந்து கொண்டுவந்த கிழக்குத் தெரு ஆச்சி.

செலவு 6,27,400. பற்றாக்குறை 32,400. பழைய கமிட்டியார் ஏழு பேர் கைமாற்றாகப் போட்டிருக்கிறோம். கட்டிய 175 போக, இன்னும் கட்டாத ஒன்பது தலைக்கட்டுப் பாக்கி வந்தாலும் 14,400 நிற்கும். அந்த ஒன்பது பேர் யார் என்று எழுதவில்லை. கணக்கு நோட்டு என் வீட்டுத் திண்ணையில் தை மாதம் முழுக்க இருக்கும், யாரும் வந்து பார்க்கலாம். எனக்கு அடுத்த கமிட்டியில் இடம் வேண்டாம் என்பதையும் இத்துடன் சொல்லிக்கொள்கிறேன்.

தண்ணீர் இப்போது பத்தாம் படியில் நிற்கிறது. மூலை தாங்கிவிட்டதா என்று பாட்டியைக் கேட்டேன். "இப்ப மழைத்தண்ணி, எல்லாம் இனிக்கத்தான் செய்யும். பங்குனி வெயில்ல நாக்குல வச்சுட்டுச் சொல்றேன், போ" என்றார்.