விளக்கு வாங்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

“ரீஃப் தொட்டிக்கு எல்இடி வாங்கினா காசுக்குத் தகுமாம்மா?” என்று ஒற்றை வரி அனுப்பியிருந்தாய், கூடவே உன் பவளத் தொட்டியின் படம் ஒன்று. இத்தனை நாள் ஒன்றும் எழுதாமல் இருந்துவிட்டு இந்த ஒரு வரி. இதையாவது என்னிடம் கேட்கத் தோன்றியதே என்று சந்தோஷம்தான். போனில் சொன்னால் “சரிம்மா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். அவசரமாக மேய்ந்துவிட்டு மூடி வைக்காதே, உட்கார்ந்து படி.

தகும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாருக்கும், எல்லா நேரத்திலும் தகும் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் கணக்கைப் பார். உன் தொட்டிக்கு மேலே இருப்பது 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு இரண்டு. நாளுக்கு 10 மணி நேரம் எரிந்தால் பல்புக்கு மட்டும் 5 யூனிட். பல்புக்கு மின்சாரத்தை ஒழுங்குபடுத்துகிற பேலஸ்ட் தின்பது தனி. அந்தச் சூட்டில் தண்ணீர் சூடேறாமல் குளிர்விக்கச் சில்லர் ஓடுகிறதே, அது தனி. ஆவியாகிப் போகிற தண்ணீருக்கு ஈடாக நன்னீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் உப்பு ஏறிவிடும். பல்பை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பார்வைக்கு நன்றாக எரிவது போலத்தான் இருக்கும், ஆனால் நிறம் மாறி வலுவும் குறைந்திருக்கும். அதே தொட்டிக்கு மொத்தம் 200 வாட் அளவில் நல்ல எல்இடி பெரும்பாலும் போதும். அது 2 யூனிட். சூட்டில் பெரும்பகுதி விளக்கின் முதுகில் உள்ள விசிறி வழியாக அறைக்குள் போய்விடும். சில்லரின் வேலையும் குறையும்.

மின்கட்டணத்தை நினைத்துத்தான் கேட்டாயா? அப்படியென்றால் சொல்லிவிடு. விளக்கு விஷயத்தில் நீ இதுவரை கட்டணம் பார்த்தவள் இல்லை. பவளத்துக்கு என்றால் முதலில் வாங்கிவிட்டு அப்புறம்தான் எனக்குச் சொல்வாய். இப்போது வாங்குவதற்கு முன் என்னைக் கேட்கிறாய். பொறுப்பு வந்துவிட்டது என்று அப்பா சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். விளக்கு நம் கண்ணுக்காக இல்லை, பவளத்தின் சதைக்குள் குடியிருக்கிற நுண்பாசிக்காக என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அந்தப் பாசி ஒளியைப் பிடித்து உணவு சமைத்தால்தான் பவளத்துக்குச் சாப்பாடு. கடலுக்குள் சில மீட்டர் இறங்கினாலே சிவப்பு ஒளியை எல்லாம் தண்ணீர் விழுங்கிவிடும். நீலம்தான் ஆழம் வரை போகும். அதனால் அந்தப் பாசியும் நீலத்தை நன்றாக வாங்கிக்கொள்ளப் பழகியது. நாம் பார்க்கிற சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. நன்றாக ஒளிரும் நீல எல்இடி வர 1990-கள் வரை ஆனது. அதைச் செய்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் செய்திருக்காவிட்டால் இன்றைக்கு நாம் இந்தக் கேள்வியையே கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது, கவனமாகப் படி. நம் கண்ணுக்குப் பச்சைதான் பளிச்சென்று தெரியும், 555 நானோமீட்டர் பக்கம். 450 நானோமீட்டர் நீலம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் மங்கலாகவே தெரியும். ஹாலைடைப் பார்த்துப் பழகிய கண் எல்இடியைப் பார்த்ததும் “வெளிச்சம் போதலையே” என்று சொல்லும். உடனே நூறு சதவீதத்துக்கு ஏற்றிவிடத் தோன்றும். ஏற்றாதே. கண்ணை நம்பாதே. இருட்டறையில் இருந்தவளை உச்சி வெயிலில் நிறுத்தினால் எப்படிக் கூசுமோ அப்படித்தான் அதுவும். பவளம் தாங்காமல் தன் பாசியை வெளியே தள்ளிவிடும், வெளுத்துப்போகும். எல்இடி மாற்றி பவளம் செத்தது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுதான் என்று நான் நினைக்கிறேன். பழியை விளக்கின் மேல் போட்டுவிட்டார்கள்.

பாசிக்குப் பயன்படுகிற ஒளியை அளக்கிற ‘பார்’ மீட்டர் ஒன்று இரவல் வாங்கு. தொட்டி வளர்ப்பவர்கள் யாரிடமாவது இருக்கும். போனில் இருக்கிற லக்ஸ் அளவை வைத்து நீலத்தை அளக்க முடியாது. ஹாலைடைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு பவளத்தின் அருகிலும் அளந்து எழுதி வை. கீழே மணலில் இருக்கிற மென்பவளங்களுக்கு மீட்டரில் 50 முதல் 150 வரை இருந்தால் போதும். உன் ஹாமர் பவளத்துக்கும் அந்த அளவே தாராளம். மேலே பாறையில் இருக்கிற அக்ரோபோரா கிளைப்பவளத்துக்கு 200-இலிருந்து 350 வரை வேண்டும். புது விளக்கைப் பழைய எண்ணைவிடக் குறைவாக வைத்துத் தொடங்கு, விளக்கின் முழு வலுவில் 40 சதவீதம் மாதிரி. பிறகு வாரத்துக்கு ஐந்து ஐந்தாக ஏற்று. நிறம் வெளிற ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்து. மெதுவாக ஏற்று, பாப்பா. எதிலும் நீ மெதுவாகப் போனதே இல்லை, அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். பொட்டு விளக்காக ஒரே இடத்திலிருந்து விழுவதால் எல்இடியில் நிழல் அதிகம். பெரிய கிளைப்பவளத்தின் அடிப்பக்கம் இருட்டாகவே கிடந்து சதை உதிர்ந்துபோகும். டி5 என்கிற மெல்லிய ஃப்ளோரசன்ட் குழல்கள் வெளிச்சத்தைப் பரப்பிக் கொடுப்பதில் இன்றும் எல்இடியை மிஞ்சும். அதனால் பலர் இரண்டையும் சேர்த்து மாட்டுகிறார்கள். ஆனால் புதிதாக டி5 வாங்கி நிரப்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாதரசத்தைக் குறைக்கிற மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-இல் கூடி, பொது உபயோகத்துக்கான ஃப்ளோரசன்ட் குழல்களை 2027-க்குள் நிறுத்துவது என்று முடிவெடுத்துவிட்டன. தொட்டிக் குழல்கள் சிறப்பு வகை என்றாலும், சாதாரணக் குழல் தயாரிப்பு நின்றுபோனால் இதுவும் கிடைப்பது கடினமாகும் என்று எனக்குப் படுகிறது. ஒரே பெரிய எல்இடிக்குப் பதில் சின்னதாக இரண்டு மூன்று வாங்கித் தள்ளித் தள்ளி வை. நிழலுக்கு அதுதான் வழி.

மாட்டுவதைப் பற்றி. கூரையிலிருந்து தொங்கவிடுவதென்றால் இரண்டு பேர் வேண்டும். மாப்பிள்ளை இருந்தால் பிடிக்கச் சொல். இல்லையென்றால் தொட்டி விளிம்பிலேயே பொருத்துகிற தாங்குகை வைத்த விளக்கு வருகிறது, அதை ஒருத்தியாகவே மாட்டிவிடலாம். அதையே வாங்கு. மின்கம்பியைச் செருகுவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கவிடு, வழிகிற உப்புத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. மின்கசிவு வந்தால் தானே அணைகிற சுவிட்ச் கட்டாயம் இருக்க வேண்டும். தனியாக இருக்கிற நேரத்தில் ஈரக்கையோடு எதையும் தொடாதே.

படம் அனுப்பிய நேரத்தைப் பார்த்தேன். அங்கே நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. அந்நேரத்துக்கு விளக்கு முழுசாக எரிந்துகொண்டிருந்தது. எட்டு முதல் பத்து மணி நேரம்தான் பவளத்துக்கு வெளிச்சம். அதற்கு மேல் கொடுத்தால் பாசிக்குப் பயனில்லை, களைத்துத்தான் போகும். இருட்டும் வேண்டும். இருட்டினால்தான் பல பவளங்கள் கையை நீட்டி இரை பிடிக்கும். எல்இடியில் விடியலும் அந்தியும் நேரம் குறித்து வைத்துவிடலாம், நீ எழுந்து போய் அணைக்க வேண்டியதில்லை. அணைந்ததும் நீயும் போய்ப் படு. அந்த நீல வெளிச்சம் மனுஷர் தூக்கத்தையும் கெடுக்கும். இரண்டு மணிக்குத் தொட்டி முன்னால் உட்கார்ந்து என்ன செய்கிறாய்?

அப்பாவிடம் அந்த நேரத்தைச் சொல்லவில்லை.

பவளங்களைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நகக்கண் அளவு துண்டாக ஒட்டினாயே அந்த அக்ரோபோரா, இப்போது என் இரண்டு கையையும் சேர்த்தால்தான் மூடும். அதைச் சும்மா யாரும் அப்படி வளர்க்க முடியாது. தண்ணீரின் காரத்தன்மை ஒரு நாள் கூடி ஒரு நாள் குறையாமல் வைத்திருந்தால்தான் நுனி அப்படி வெள்ளையாக வளரும். மற்றதெல்லாம் எப்படி இருந்தாலும் அதை மட்டும் நீ விடவில்லை என்று தெரிகிறது. ஆனால் இவ்வளவு வளர்ந்ததை இவ்வளவு நாள் அம்மாவுக்குக் காட்டத் தோன்றவில்லையே.

இப்போது கேள். எல்இடிக்கு 50,000 மணி நேரம் ஆயுள் என்று போட்டிருப்பார்கள். ஒளி எழுபது சதவீதத்துக்குக் குறைவதற்கு ஆகிற காலத்தைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள். நாளுக்கு 10 மணி நேரம் என்றால் 13 வருஷத்துக்கு மேல் வருகிறது. நடைமுறையில் அதற்கு முன்னாலேயே விசிறி நிற்கும், உள்ளே மின்சாரத்தை ஒழுங்குபடுத்துகிற டிரைவர் பழுதாகும், உப்பு படிந்து அரிக்கும். அதனால் உதிரிபாகம் தனியாகக் கிடைக்கிற விளக்காகப் பார்த்து வாங்கு. விசிறியை மாதம் ஒருமுறை துடை. அப்படிப் பார்த்தாலும் பல வருஷத்துக்கான பொருள். போட்ட காசு மின்சாரத்திலும் பல்பிலும் திரும்பி வரவேண்டுமென்றால் அதே தொட்டி, அதே பவளம், அதே இடத்தில் இருக்க வேண்டும். கொஞ்ச நாளில் தொட்டியைக் கலைத்துவிட்டுச் சின்னதாக வைக்கப் போகிறாய் என்றால் இப்போது வாங்குவது வீண். சின்னத் தொட்டிக்கு, மென்பவளம் மட்டும் என்றால், இதில் கால்வாசி விளக்கு போதும்.

நீ அனுப்பிய படத்தில் தொட்டிக் கண்ணாடியில் பின்னால் இருக்கிற அறை தெரிகிறது. அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. புத்தக அலமாரி பாதி காலி, மேல்தட்டு முழுக்கக் காலி. மேல்தட்டில் யார் புத்தகம் இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் எதுவும் கேட்கவில்லை. நீயாகச் சொல்கிறபோது சொல்.

ஆனால் தொட்டியை நகர்த்துவதாக இருந்தால் மட்டும் தயவுசெய்து முன்னாலேயே சொல். 400 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 410 கிலோ. வடித்த பிறகும் கண்ணாடியும் பாறையும் ஒருத்தி தூக்குகிற கனமில்லை. பவளங்களை முதலில் எடுத்துத் தனித்தனி வாளியில் வைக்க வேண்டும், 25 டிகிரிக்குக் கீழே ஆறவிடக் கூடாது. பாறை காயவே கூடாது. பழைய தண்ணீரில் பாதியாவது கூட வர வேண்டும். அடிமணலைக் கிளறி அப்படியே புது இடத்தில் போட்டால் அதில் தங்கிய அழுக்கெல்லாம் எழும்பி எல்லாவற்றையும் கொன்றுவிடும், அலசித்தான் போட வேண்டும். முதல் சில நாள் அமோனியா பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விளக்கையும் பாதிக்குக் குறைத்து மறுபடி முதலிலிருந்து மெதுவாக ஏற்ற வேண்டும். சாதாரண ஹாலைடில் அப்படிக் குறைக்க வழியில்லை, உயர்த்திக் கட்டி, ஒளியை மறைக்கக் கீழே வலை விரிக்க வேண்டியிருக்கும். எல்இடியில் விரலால் தள்ளினால் போதும்.

அதனால் என் யோசனை இது. நகர்வது நிச்சயமென்றால் இப்போது வாங்காதே. புது இடத்தில் எத்தனை பெரிய தொட்டி என்று முடிவானதும் அதற்கு அளவெடுத்து வாங்கலாம். நகரவில்லை என்றால் இந்த மாதமே வாங்கு. எப்படியானாலும் தொட்டியைத் தனியாகத் தொடாதே. நான் வருகிறேன். அப்பாவும் வருவார், அவரிடம் காரணம் சொல்ல வேண்டியது என் பாடு. தேதியை மட்டும் எழுது.

அம்மா