ஆன்டெனாவை நீங்களே செய்யுங்கள், காசைக் கேபிளில் போடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ஹாம் ரேடியோ சாமான் எல்லாம் வைத்திருக்கிறீர்கள், ரெடிமேட் ஆன்டெனா மட்டும் ஏன் இல்லை?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஹாம் என்பது அரசு லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் கொஞ்சம் கோபமாகவே கேட்கிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் வாடகை கொடுத்துக்கொண்டு, விலைபோகிற சரக்கை வேண்டாம் என்பது விசித்திரமாகத்தான் தெரியும். காரணத்தை எழுதிவிடுகிறோம்.

2 மீட்டர் பேண்டுக்கு, அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸுக்கு, கால் அலை ஆன்டெனாக் கம்பியின் நீளம் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர். கேபிள் பிளக்கைப் பூட்டும் எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்று, 12 கேஜ் செம்புக் கம்பி இரண்டரை மீட்டரும் கொஞ்சமும், நான்கு சிறு போல்ட்டு நட்டு. நடுப் பின்னில் 49 செ.மீ. கம்பியை நிமிர்த்திப் பற்றவைக்க வேண்டும். மூலைத் துளைகளில் 52 செ.மீ. கம்பி நான்கைப் பூட்டி, 45 டிகிரி கீழே வளைத்துவிட்டால் செட்டுக்கும் கேபிளுக்கும் பொருந்துகிற 50 ஓம் பக்கத்தில் வந்து நிற்கும். இதற்குப் போய் ஆயிரக்கணக்கில் செலவு எதற்கு?

சாக்கெட் வாங்கும்போது மட்டும் நடுவில் இருக்கும் இன்சுலேஷனைப் பாருங்கள். டெஃப்லான் என்றால் சூடு தாங்கும். மலிவு பிளாஸ்டிக்கில் அயர்னை வைத்த கொஞ்ச நேரத்தில் பின் இளகிச் சாய்ந்துவிடும். கம்பி தடியாக இருப்பதால் 25 வாட்ஸ் அயர்ன் போதாது, 60 வாட்ஸாவது வேண்டும்.

நம் ஊர் சேலம் என்பதால் இன்னொரு கேள்வியும் வருகிறது: கொலுசுப் பட்டறையில் வெள்ளிக் கம்பி கிடைக்கிறதே, அதில் செய்தால் நன்றாக இழுக்குமா? வெள்ளி செம்பைவிட 6 சதவீதம்தான் நல்ல கடத்தி. காதுக்கு வித்தியாசமே தெரியாது. வெள்ளியை வீட்டம்மாவிடமே கொடுத்துவிடுங்கள்.

காசு போக வேண்டிய இடம் கேபிள். மொட்டை மாடியிலிருந்து அறைக்கு 20 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிளை இழுத்தால், 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 4 டெசிபல் போய்விடும். ஹேண்டி, அதாவது கையில் பிடிக்கும் சிறு செட், 5 வாட்ஸ் கொடுத்தால் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது 2 வாட்ஸ். மீதி கேபிளைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. அதே நீளத்துக்குத் தடியான ஆர்ஜி-213 போட்டால் 3 வாட்ஸுக்கு மேல் சேரும். 2 மீட்டருக்கு ஆர்ஜி-58 நீளமாகக் கேட்டால் நாங்கள் முகம் சுளிப்பது இதனால்தான். 40 மீட்டர் பேண்டுக்கு அதே கேபிளைத் தாராளமாக வாங்கிப் போங்கள், 7 மெகாஹெர்ட்ஸில் அந்த 20 மீட்டருக்கு ஒரு டெசிபல்கூட இழக்காது.

40 மீட்டரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சேலத்தைச் சுற்றி மலை. ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, சமவெளியைப் பார்த்த சரிவில் நின்றால் சின்ன ஹேண்டியே வெகுதூரம் பேசும். கீழே இருப்பவருக்கு ஜருகுமலையோ நகரமலையோ குறுக்கே வந்தால் 2 மீட்டர் அங்கேயே நின்றுவிடும். 7 மெகாஹெர்ட்ஸ் டைபோலை, அதாவது நடுவில் கேபிள் சேர்த்து இரண்டு பக்கமும் நீட்டிய ஒயரை, 8, 10 மீட்டர் உயரத்தில் கட்டினால் சிக்னல் நேர் மேலே போய், அயனி மண்டலத்தில் திரும்பிக் கீழே இறங்கும். பகலில் சென்னை, மதுரை, பெங்களூரு எல்லாம் அகப்படும். இதற்கு உயரம் குறைவாக இருப்பதே வசதி.

கணக்கு எளிது: 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.14, பக்கத்துக்கு 10 மீட்டர் 7 செ.மீ. வீட்டு வயரிங் ஒயரே போதும். முதலில் பத்தரை மீட்டராக வெட்டுங்கள். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் அளவு மிகக் குறையும் இடம் 7.1-க்குக் கீழே தெரிந்தால் ஒயர் நீளம் என்று பொருள், இரண்டு பக்கமும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி வாருங்கள். 1.5 வந்ததும் நிறுத்திவிடலாம், அங்கே திரும்பி வருவது 4 சதவீதம்தான். ஒன்றுக்கு ஒன்று வரவைக்கிறேன் என்று நாள் முழுக்க மாடியில் வெயிலில் நிற்பவர்களை நாங்கள் அறிவோம்.

ஏற்காட்டுத் தோட்டக்காரர்கள் சில்வர் ஓக்கில் கட்டும்போது முனையை இறுக்கி முடியாதீர்கள். கப்பி போட்டு, கயிற்றின் மறுமுனையில் ஒரு செங்கல்லைத் தொங்கவிடுங்கள். காற்றில் மரம் ஆடினாலும் ஒயர் அறாது. கேபிள் சேரும் முனையில் தண்ணீர் புகாதபடி டேப் சுற்றுங்கள். பழைய கேபிளை நறுக்கிப் பார்த்தால் உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் கறுத்திருக்கிறதா? தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஈபி லைன் பக்கம் எந்தக் கம்பியும் வேண்டாம். ஆன்டெனா அறுந்து விழுந்தாலும் லைனைத் தொடாத தூரம் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் இடி இறங்குவதற்கு முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

டிரான்ஸ்மிட்டர் கேட்டால் கால் சைன் (லைசென்ஸோடு தரும் அழைப்புக் குறி) கேட்போம், கோபிக்க வேண்டாம். 12 வயது நிறைந்தவர்கள் லைசென்ஸ் தேர்வு எழுதலாம். தொடக்க நிலையான ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தந்திக் குறி தேவையில்லை. விண்ணப்பம் தொலைத்தொடர்புத் துறையின் சரல் சஞ்சார் தளத்தில்.

செய்த 2 மீட்டர் ஆன்டெனாவைக் கடைக்குக் கொண்டுவந்தால் இலவசமாக மீட்டர் வைத்துப் பார்த்துத் தருகிறோம். டைபோலைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, ஆகவே மீட்டரை இரவல் தருகிறோம். முன்பணம் உண்டு. சனிக்கிழமை எடுத்தால் திங்கட்கிழமை மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்தவர் காத்திருப்பார்.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.