வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த தொட்டி

உச்சிப்புளி,
ஐப்பசிக் கடைசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை இரண்டு நாள் கொட்டியது, பிறகு வாடைக்காற்றுதான். வத்தைகள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கின்றன.

பக்கத்து மனைக்காரரின் செப்டிக் டேங்க் உன் இடத்துக்குள் வந்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். ஆனால் நான் உன் கட்சி இல்லை, எதிர்க்கட்சி. இந்த ஆடியில்தான் தெரிந்தது, எங்கள் தொட்டி மேலவீட்டு அக்கா மனைக்குள் இத்தனை வருஷமாகப் படுத்துக் கிடந்திருக்கிறது.

சவுதியில் இருக்கும் அவர் மகன் வீடு கட்ட வந்திருந்தான். பேங்க் லோனுக்காக அளந்து கல் ஊன்றச் சொல்லி மனுப் போட்டான். சர்வேயர் மனை எல்லை காட்டும் புலப்படத்தை விரித்து, பழைய எல்லைக் கல் ஒன்றைத் தோண்டி எடுத்து, அங்கிருந்து பிடித்துக்கொண்டு வந்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அருகிலேயே நின்றேன். உள்ளுக்குள் ஒரு எண்ணம்: அவர்கள் தென்னைதான் நம் பக்கம் வந்திருக்கும், இன்று குட்டு வெளிப்படும் என்று. வெளிப்பட்டது. தென்னை அவர்கள் இடத்தில்தான் நிற்கிறது. எங்கள் தொட்டியும், அதிலிருந்து வழியும் தண்ணீர் மண்ணில் இறங்குகிற உறைக்குழியும் 0.8 மீட்டர் அந்தப் பக்கம். அடிக் கணக்கில் இரண்டு அடி ஏழு அங்குலம், நீளம் 16 அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்றால், இது அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அவ்வளவு துண்டு இடம்தான். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அய்யா 1998இல் கக்கூஸ் கட்டும்போது எல்லை என்று எதைப் பார்த்தார்? ஓலை வேலியை. நம் பக்கம் வேலிக்கு ஏது நிலை? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மட்டையும் ஓலையும் மாற்றி அடைக்கிறோம், அடைக்கிறவன் கை போன பக்கம் வேலி போகிறது. மணல் வேறு மூடிவிடும். கல்லை யார் தேடினார்கள்?

மறுநாள் ராமநாதபுரம் போய் நமக்குத் தெரிந்த வக்கீலைப் பார்த்தேன். ஏன் போனேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். 12 வருஷம் அனுபவித்தால் இடம் நமக்குத்தான் என்று டீக்கடையில் ஒருவர் ஏற்றிவிட்டிருந்தார். வக்கீல் சிரித்தார். 1963 காலவரையறைச் சட்டத்தில் அந்த 12 வருஷம் இருப்பது உண்மை. ஆனால் சொந்தக்காரர் பார்க்கும்படி வெளிப்படையாக, அவருக்கு எதிராக அனுபவித்திருக்க வேண்டும். ‘மண்ணுக்குள்ள கிடந்த தொட்டி, அது அங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியாது. இதுல எங்க இருக்கு எதிரிடை அனுபோகம்?’ என்றார். ஃபீஸ் வாங்கவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

அடுத்து, அந்தத் துண்டைக் கிரயம் கேட்கலாமா என்று பார்த்தோம். 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் செல்லாது, முறையாகப் பதிய வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9 ரூபாய். இடம் சின்னது, பணம் பெரிதில்லை. ஆனால் அதற்கு உட்பிரிவு, புதுப் பட்டா என்று அலைய வேண்டும். அதோடு, வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தில் அந்தப் பையனுக்கு இரண்டரை அடி குறைந்துவிடும். அவன் பிளானே மாறிப்போகும். நம் தப்புக்கு அவன் ஏன் அறையைச் சுருக்க வேண்டும்?

இதெல்லாம் யோசித்துக்கொண்டு சாயங்காலம் அக்கா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசினேன். அவரே ஆரம்பித்தார். ‘உங்க அய்யா அந்த வேலி அடைக்கும்போது கயித்தோட அந்த முனையப் பிடிச்சது நான்தானப்பா. நேராப் பிடிச்சனா கோணப் பிடிச்சனான்னு யாரு பாத்தா?’ எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. மகன் சிரிக்கவில்லை. ‘மாமா, எனக்கு மனை காலியா வேணும்’ என்றான். அவன் கேட்டது நியாயம்.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது இடம் இல்லை, அவர்கள் கிணறு. உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து வாளியோடு வாய் வைத்துக் குடிப்போமே, அதே கிணறு. தெருவுக்கே நல்ல தண்ணீர். சில வருஷமாக, தண்ணீர் ஒரு மாதிரி இருக்கிறது என்று அக்கா குடிப்பதை விட்டுவிட்டு, தள்ளுவண்டியில் குடம் அடுக்கிக் குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தார். கடல் உள்ளே ஏறிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் கடலின் மேல் பழி போட்டோம். டேப்பைப் பிடித்துப் பார்த்தால் எங்கள் உறைக்குழியிலிருந்து அந்தக் கிணறு 28 அடி.

தொட்டி கழிவைச் சுத்தம் செய்துவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. கசடு அடியில் படிகிறது, எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கிறது, நடுவில் உள்ள தண்ணீர் கிருமியோடுதான் வெளியே போகிறது. மீதி வேலை மண்ணுடையது. நம் கடற்கரை மணலோ சல்லடை, நின்று வடிகட்டப் பொறுமை கிடையாது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைக்குக் கீழே ஆறேழு அடி வரை ஏறிவிடும். எங்கள் உறைக்குழியின் ஆழம் 9 அடி. அதாவது கார்த்திகையில் அதன் அடி, கிணற்றுக்கு ஊறும் அதே நிலத்தடி நீரில் நின்றிருக்கிறது. மழை பெய்தால் கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் எதிர்த்து வருமே, அது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தோம். மலக்கிருமி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் குழியிலிருந்துதான் வந்தது என்று அதில் எழுதவில்லை. எழுதவும் வேண்டாம்.

அதனால் வேறு யோசனை இல்லை, இடம் மாற்றிவிட்டோம். மூன்று மாதத்துக்குள் எடுத்துவிடுகிறேன், அதுவரை அக்கா தரப்பில் தடை சொல்ல மாட்டார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, புலப்பட நகலை இணைத்து இருவரும் கையெழுத்துப் போட்டோம். பேசி ஒத்து வராவிட்டால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது, அங்கே கோர்ட் கட்டணம் இல்லை, ஒத்துக்கொண்ட தீர்ப்புக்கு மேல் அப்பீலும் இல்லை. எங்களுக்குத் தேவைப்படவில்லை. உனக்குத் தேவைப்படலாம்.

பழைய தொட்டியை லாரி வைத்து உறிஞ்ச வைத்தேன். அடியில் இறுகிய கசட்டுக்கு ‘ஒரு ஆளை இறக்கிவிட்டாப் போதும்’ என்றார் கொத்தனார். சண்டையே போட்டேன். 2013இலிருந்து சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் விஷவாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி மறுபடி உறிஞ்சினார்கள். சுண்ணாம்பு தூவி, அடித்தளத்தை உடைத்து, மணல் போட்டு மூடினோம். புதியது கீழ்ப்பக்கம். இரண்டு அறை, உள்ளே நன்றாகப் பூச்சு, ஆழமில்லாமல் அகலமான உறைக்குழி. அக்கா கிணற்றுக்கு 62 அடி. இந்தத் தடவை கல்லிலிருந்து அளந்தேன், கயிறு பிடிக்க அக்காவையே கூப்பிட்டேன். செலவு மட்டும் கேட்காதே, மருமகளின் நகை பேங்கில் இருக்கிறது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நோட்டீஸ் விட வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். முதலில் சர்வேக்கு மனுப் போடு, அளக்கும்போது அவரையும் நிற்கச் சொல். தப்பு என் பக்கம் என்று டேப் சொன்னபோது எனக்கு வந்த கூச்சம், வக்கீல் நோட்டீஸ் முதலில் வந்திருந்தால் வந்திருக்காது, கோபம்தான் வந்திருக்கும். அளந்த பிறகும் அவர் அசையாவிட்டால் நோட்டீஸ் அனுப்பு, நானே வக்கீல் பெயர் தருகிறேன்.

அப்புறம், பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் போவதைப் பார்க்க வேண்டும் என்று ஏப்ரலிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறாய். தையில் வா. மழை விட்டதும் கிணற்றுத் தண்ணீரை மறுபடி சோதனைக்குக் கொடுக்கிறோம். ஒரு மழைக்காலத்தில் தெளிந்துவிடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அக்கா கேட்கவில்லை. இறைத்துத் தூர் வாரி, வாளிக்குப் புதுக் கயிறும் வாங்கிவிட்டார்.

அன்புடன்,
உன் பழைய மாப்பிள்ளை