எந்தக் கப்?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மாமியாருக்கு 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சென்ற மாதம் மருத்துவமனையில் ஓர் உணவு அட்டவணை கொடுத்தார்கள். நாளொன்றுக்கு 1,400 கலோரி, மதியம் 1 கப் சோறு என்று அச்சடித்த தாள். வாசித்துக் காட்டியதும் அத்தை கேட்ட முதல் கேள்வி: “எந்தக் கப்?”

எங்கள் வீட்டில் டீ குடிக்கும் கப் இருக்கிறது, குக்கரோடு வந்த கப் இருக்கிறது. ஆனால் சோற்றைக் கரண்டியால்தான் பரிமாறுவோம். ஒரு கரண்டிச் சோற்றைக் கிண்ணத்தில் எடுத்துப் போய்த் தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 90 கிராம். அத்தை சாம்பாருக்கு மூன்று, ரசத்துக்கு இரண்டு, மோருக்கு ஒன்று என ஆறு கரண்டி சாப்பிடுவார். கணக்குப் போட்டால் வெறும் சோறே ஏறத்தாழ 700 கலோரி. ஒரு நாள் அளவில் பாதி! அதைக் கேட்டுப் பயந்துபோய், மறுநாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கரண்டியோடு எழுந்துவிட்டார். நான்கு மணிக்கெல்லாம் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி, உடம்பு வியர்த்து, கை நடுங்கியது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். மாத்திரை போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போடக் கூடாது என்று அந்தத் தாளில் ஒரு வரி இல்லை.

இரவில் சப்பாத்தி என்று மட்டும் இருந்தது. அரிசிக்கும் கோதுமைக்கும் கலோரியில் பெரிய வேறுபாடு கிடையாது. நான்கு சப்பாத்திக்கு நான்கு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் எண்ணெயே 180 கலோரி. இதை யார் சொல்வது?

புரதத்துக்குப் பனீர், பழத்துக்கு ஆப்பிள் என்றும் எழுதியிருந்தார்கள். ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசியும் 1 கிலோ துவரம் பருப்பும் வாங்கிக் காலம் தள்ளும் வீட்டில் பனீருக்கு எங்கே போவது? தட்டைப்பயறு, மொச்சை, முட்டை, மத்தி மீன், கொய்யா என்று எழுதினால் ஆகாதா?

2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். மனமார வரவேற்கிறேன். வருகிறவர்கள் அடுக்களைக் கரண்டியையும் ஒருமுறை பார்த்து, ‘இதில் சோறு இத்தனை, பொரியல் இத்தனை, பயறு இத்தனை’ என்று எழுதிக் கொடுக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். மருத்துவரிடம் மறுபடி கேட்டு, அத்தைக்கு இப்போது இரண்டு கரண்டிச் சோறு, தட்டில் பாதிக்குக் காய், ஒரு கரண்டிப் பயறு என்று வைக்கிறேன். நடுக்கம் மீண்டும் வரவில்லை.

- ஒரு வாசகி, ராஜபாளையம்