வேளாங்கண்ணி நடைப்பயணிகளுக்கு இரவு உணவு

மரியே வாழ்க! அன்பியக் (நம் பங்கின் பகுதிக் குழு) குடும்பங்களுக்கு,

ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணி மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்கு நடந்து செல்வோர் 26ஆம் தேதி மாலை நம் ஆலயத்தில் தங்குகிறார்கள். 100 பேருக்கு ஏற்பாடு. சமையல் மதியம் 3 மணிக்குத் தொடங்கும்.

1. புளியோதரைக்கு அரிசி 8 கிலோ, தயிர்சாதத்துக்கு 5 கிலோ. பலர் விரதம், முட்டைகூட வேண்டாம்.
2. சோற்றைப் பாலில் பிசைந்து வையுங்கள். தயிர் பரிமாறும்போதுதான். சூட்டோடு ஊற்றினால் சீக்கிரம் புளித்துவிடும். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம், வெக்கையில் ஊசிப்போகும்.
3. கால் நனைக்க வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், 2 அண்டா. கொப்புளத்தைக் குத்தாதீர்கள். சீழ் பிடித்தால் அவர்கள் நடை அத்தோடு நின்றது.
4. சோர்ந்து வருவோருக்கு: காய்ச்சி ஆறிய நீர் 1 லிட்டர், சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. தலைதட்டி அளக்கவும், உப்பு கூடினால் ஆபத்து.
5. பெண்களுக்கு மண்டபம். கழிப்பறை விளக்கை முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.
6. செல்போன் சார்ஜ் போட ஜங்ஷன் பாக்ஸ் இருப்பவர்கள் தரவும்.
7. மதம், ஊர் விசாரிக்க வேண்டாம். காவி உடுத்தி வருவோரில் இந்துக்களும் உண்டு. பரிமாறும்போது செல்ஃபியும் வேண்டாம் (நமக்கெதற்கு விளம்பரம்?).

பொருளா, ஆள் உதவியா என்று 22ஆம் தேதி இரவு 9 மணிக்குள் இங்கேயே பதில் போடுங்கள்.