நச்சாவிச் சோதனை முடிவுகளைத் தொழிலாளியிடம் மறைக்க இடம் தராதீர்கள்

மதிப்பிற்குரிய ஒன்றியத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். பி.வி.சி. தயாரிப்பின் மூலப்பொருள் வினைல் குளோரைடு. மேட்டூரிலும் கடலூரிலும் பி.வி.சி. ஆலைகள் இருப்பதால், இத்தாலியில் அந்த வாயுவைச் சுவாசித்த எலிகளின் கதை நமக்கும் உரியது.

1960களில், பி.வி.சி. தயாராகும் கலன்களுக்குள் இறங்கி, சுவரில் ஒட்டியிருந்த பிசினைச் சுரண்டிய தொழிலாளர்களுக்கு விரல் நுனி எலும்புகள் கரையத் தொடங்கின. காரணம் தேடிய இத்தாலிய மருத்துவர் வியோலா, 30,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 30,000 பங்கு) வினைல் குளோரைடு கலந்த காற்றில் எலிகளை நாளுக்கு 4 மணி நேரமாக ஓராண்டு சுவாசிக்க விட்டார். எலும்புக் கோளாற்றைத் தேடியவர் கண்டது புற்றுநோய். 1970இல் ஹூஸ்டன் மாநாட்டில் அதை அறிவித்தார். இவ்வளவு அடர்த்தியை எந்தத் தொழிலாளி நாள்தோறும் சுவாசிக்கப் போகிறார் என்று கேட்டு அதை ஒதுக்கிவிட அப்போது இடமிருந்தது.

அடுத்த சோதனை அந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை. ஐரோப்பிய நிறுவனங்களின் பணத்தில், போலோனியா அருகே ஆய்வு நடத்திய செசாரே மால்டோனி, 250 பிபிஎம் அளவிலேயே எலிகளின் கல்லீரலில் ஆஞ்சியோசார்கோமா என்ற அரிய புற்றுநோயைக் கண்டார். அமெரிக்க ஆலைகளில் அன்று அனுமதிக்கப்பட்டிருந்த அளவு 500 பிபிஎம்!

அந்த முடிவு அமெரிக்க நிறுவனங்களுக்கும் தெரிந்தது, வெளியிடக் கூடாது என்ற ஒப்பந்தத்தின் பேரில். 1973 ஜூலையில் அமெரிக்க அரசின் தொழில்சார் நல ஆய்வு நிறுவன அதிகாரிகளைச் சந்தித்தபோதும் அவற்றின் பிரதிநிதிகள் அதைச் சொல்லவில்லை. 1974 ஜனவரியில், கென்டக்கி மாநிலம் லூயிவில் ஆலைத் தொழிலாளர்கள் அதே புற்றுநோயால் இறந்திருந்தது வெளிவந்த பிறகுதான் உலகம் விழித்தது. எலிகளை வதைத்துப் பெற்ற அறிவு, யாருக்காகப் பெறப்பட்டதோ அவர்களையே எட்டவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பின்னர் அமெரிக்கா வரம்பை 1 பிபிஎம் ஆகக் குறைத்தது. தொழிலே அழிந்துவிடும் என்றார்கள் முதலாளிகள். கசிவுகளை அடைத்தார்கள், பிசினில் எஞ்சிய வாயுவைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தினார்கள், உற்பத்தி தொடர்ந்தது.

ஆலையின் ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று, போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி பிரிவைச் சேர்த்தோம். ஆனால் 'ஆபத்துகள்' என்ற பொதுச்சொல் போதாது. நிறுவனம் தானே நடத்திய, பணம் கொடுத்து நடத்திய அல்லது வெளிநாட்டுத் தாய் நிறுவனத்திடமிருந்து பெற்ற ஒவ்வொரு சுவாச நச்சுச் சோதனையின் முடிவும், கைக்கு வந்த 30 நாள்களுக்குள் அரசின் தொழிற்சாலை ஆய்வாளரிடமும் தொழிற்சங்கத்திடமும் ஒப்படைக்கப்பட வேண்டும் என விதியில் வெளிப்படையாக எழுதுங்கள். அந்த முடிவுகளுக்கு வணிக ரகசியம் என்ற திரை இருக்கக் கூடாது. சுருக்கத்தைத் தொழிலாளியின் மொழியில் தர வேண்டும்.

இந்தப் புற்றுநோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆகவே யார், எந்தப் பிரிவில், எவ்வளவு காலம் வேலை செய்தார் என்ற பதிவேட்டை அவர் ஓய்வுபெற்ற பின்னும் காக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தொழிலாளர் நலனில் அக்கறை கொண்ட ஒரு குடிமகன்