32 கோரும் எதற்கு?

செங்கோட்டை,
ஆடி மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கைக்குக் கொல்லத்தில் வேலை கிடைத்ததை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அவருடைய கண்புரை அறுவையும் நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்போது சொட்டு மருந்து மட்டும்தான். இந்த ஆண்டு சாரல் குறைவில்லை. ஐந்தருவியில் வெளியூர்க் கூட்டம் நெரிவதால், ஊர்க்காரர்கள் விடியுமுன் போய்க் குளித்துவிட்டு வந்துவிடுகிறோம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் சர்வரில் இரண்டு சாக்கெட் (சிபியு செருகும் இடம்), சாக்கெட்டுக்கு 8 கோர் (சிபியுவுக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி), ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்திரெடிங்கோடு சேர்த்து 32 காட்டுகிறது. நெட்வொர்க்கில் வரும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, வாங்கி அனுப்பும் புரோகிராமுக்கு 32ஐயும் கொடுத்துவிடலாமா என்று எழுதியிருந்தாய். கொடுக்காதே. நான்கு போதும். ஆனால் அந்த நான்கும் எந்த நான்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார். 10 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பாக்கெட் 64 பைட். அதற்கு முன்னால் போகும் தொடக்கக் குறி 8 பைட், இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே விடவேண்டிய இடைவெளி 12 பைட். மொத்தம் 84 பைட். அப்படியானால் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம் பாக்கெட் வரும். ஒன்றுக்குக் கிடைப்பது 67.2 நானோவிநாடி. 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது சுமார் 200 கடிகாரத் துடிப்பு. பாக்கெட்டை எடுத்து, முகவரியைப் பார்த்து, வழியைத் தேடி, வெளியே தள்ள அவ்வளவுதான் அவகாசம். கேஷில் (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான மெமரி) இல்லாத ஒன்றுக்காக மெயின் மெமரிக்கு ஒருமுறை போய்வந்தாலே அது தீர்ந்துவிடும். உன் புரோகிராம் நம்பியிருக்கும் டிபிடிகே (கெர்னலைத் தாண்டிப் பாக்கெட்டை நேரடியாகக் கையாளும் மென்பொருள் தொகுப்பு) 32 பாக்கெட்டை ஒரே மூச்சில் அள்ளுவதும், அடுத்த பாக்கெட்டை முன்கூட்டியே கேஷுக்கு வரவழைப்பதும் இதனால்தான்.

ஆகவே நெட்வொர்க் கார்டு எந்தச் சாக்கெட்டில் செருகியிருக்கிறது என்பதை முதலில் பார். லினக்ஸில் அந்தக் கார்டின் பெயருக்குக் கீழே நூமா நோடு (கார்டு எந்தச் சாக்கெட்டின் பக்கம் என்று சொல்லும் எண்) என்ற கோப்பு இருக்கும். அதில் 0 அல்லது 1 என்று எழுதியிருக்கும். கார்டு ஒரு சாக்கெட்டிலும், அதன் பாக்கெட்டைக் கையாளும் திரெட் (புரோகிராமில் ஒரு கோரில் ஓடும் வேலை இழை) மற்றதிலும் இருந்தால், லாரியைப் புளியரையில் நிறுத்திவிட்டுச் சுமை இறக்குபவரைப் புனலூரிலிருந்து வரவழைப்பது போலத்தான். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஆரியங்காவுக் கணவாயைத் தாண்ட வேண்டும். இன்டெல் சர்வர்களில் கார்டு பாக்கெட்டை நேராகத் தன் சாக்கெட்டின் கேஷிலேயே இறக்கிவிடுகிறது. எதிர்ச் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் திரெட்டுக்கு அந்த வசதி கிடையாது. பாக்கெட்டுகளை வைக்கும் மெமரியையும் கார்டு இருக்கும் பக்கத்திலேயே ஒதுக்க மறக்காதே.

கோர் எண்களை மட்டும் நம்பாதே. சில சர்வர்களில் 0 முதல் 7 வரை ஒரு சாக்கெட், 8 முதல் 15 வரை மற்றது. வேறு சிலவற்றில் இரட்டைப்படை எண்ணெல்லாம் ஒரு பக்கம், ஒற்றைப்படை மறுபக்கம். ஹைப்பர்திரெடிங்கால் ஒரே கோரைப் பங்கிடும் இரட்டை எண்கள் எவை என்பதும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். உன் இயந்திரத்தில் 9க்கு இரட்டை 25 என்று வைத்துக்கொள். இரண்டிலும் பாக்கெட் திரெட்டை ஓட்டினால் இரண்டும் ஒரே கேஷுக்கும் ஒரே கணக்கு அலகுகளுக்கும் அடித்துக்கொள்ளும். 9ஐ எடுத்தால் 25ஐச் சும்மா விட்டுவிடு. அது வீண் இல்லை, மாப்பிள்ளை; அந்த அமைதிக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம்.

கார்டு சாக்கெட் 1இல் இருந்து, அதன் கோர்கள் 8 முதல் 15 வரை என்றால் நான் இப்படி எழுதுவேன்: (0,0,9), (0,1,10), (1,0,11), (1,1,12). கார்டின் போர்ட் (கேபிள் செருகும் வாய்), அதில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை, அதைக் கவனிக்கும் கோர் என்பது முறை. ஒரு வரிசையை ஒரே கோர்தான் தொடவேண்டும். இரண்டு தொட்டால் பூட்டுப் போட வேண்டிவரும், பூட்டு வந்தால் வேகம் போகும். வெளியே அனுப்பவும் ஒவ்வொரு கோருக்கும் ஒவ்வொரு போர்ட்டிலும் தனி வரிசை கொடு. லாக் எழுதுவது, புள்ளிவிவரம் சேகரிப்பது எல்லாம் சாக்கெட் 0இல் நடக்கட்டும். இந்த நான்கு கோர் பக்கம் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வேறு வேலையை அனுப்பாதபடி பூட் செய்யும்போதே ஒதுக்கிவை. கோரின் வேலையை நடுவில் நிறுத்திக் கூப்பிடும் இன்டரப்ட்களையும் அங்கிருந்து நகர்த்திவிடு.

உன் வாடிக்கையாளரின் டிராஃபிக் எப்படிப்பட்டது என்று நீ எழுதவே இல்லை. அது எனக்குத் தெரிய வேண்டும். கார்டு இரு முனைகளின் முகவரி, பாக்கெட்டுக்குள் எழுதியிருக்கும் போர்ட் எண்கள் (கேபிள் செருகும் போர்ட் அல்ல) இவற்றை வைத்து ஒரு ஹேஷ், அதாவது ஒரு சுருக்க எண், போட்டு வரிசைக்குப் பிரிக்கிறது. ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள் ஒரே கோருக்குப் போவதால் முன்பின் மாறுவதில்லை. ஆயிரக்கணக்கானோர் பயன்படுத்தும் இணைப்பு என்றால் பங்கீடு தானே சமமாகிவிடும். இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே ஒற்றைச் சுரங்க இணைப்பு (எல்லாப் பாக்கெட்டையும் ஒரே வகை உறையில் போட்டு அனுப்புவது) என்றால் பெரும்பாலும் எல்லாம் ஒரே வரிசையில் வந்து குவியும். அப்போது ஒரு கோர் திணறும், மற்றவை சும்மா சுற்றும். கோரைக் கூட்டினாலும் பயனில்லை.

டாப்பில் (எது எவ்வளவு சிபியு பிடிக்கிறது என்று காட்டும் லினக்ஸ் கட்டளை) 100 சதவீதம் காட்டுகிறது என்று பயந்திருக்கிறாய். பாக்கெட் வந்ததா வந்ததா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அந்தத் திரெட்டின் வேலை. ஒரு பாக்கெட்கூட வராவிட்டாலும் 100தான். போர்ட் புள்ளிவிவரத்தில் ‘ஐமிஸ்டு’ (வரிசை நிரம்பியதால் கார்டு தவறவிட்ட பாக்கெட்) என்ற எண்ணைப் பார். அது ஏறினால் கோரால் ஈடுகொடுக்க முடியவில்லை. ‘ஆர்எக்ஸ் நோ எம்பஃப்’ ஏறினால் கோர் மேல் குறையில்லை, பாக்கெட் வைக்கும் இடம் தீர்ந்துவிட்டது என்று பொருள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கோரை அள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சாதாரண சர்வரிலேயே இந்த வேகம் சாத்தியம் என்று இன்டெல்லில் இருந்து காட்டியவர், டிபிடிகேயின் தந்தை என்று அழைக்கப்படும் வெங்கி வெங்கடேசன். 2018இல் அவர் மறைந்தபோது 18.05 பதிப்புக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்த உழைப்பைப் பாதி வேகத்தில் ஓட்ட எனக்கு மனம் வருவதில்லை.

கார்டின் நூமா எண், கோர்களின் இரட்டையர் பட்டியல், ஒரு நாள் உச்ச நேரத்தில் வரிசைவாரியாக எடுத்த பாக்கெட் எண்ணிக்கை, இந்த மூன்றையும் எனக்கு அனுப்பு. சுரங்க இணைப்பா இல்லையா என்பதையும் கேட்டு எழுது. அல்லது சாரல் முடியுமுன் கொல்லம் ரயிலைப் பிடித்து லேப்டாப்போடு வந்துவிடு. இரண்டு நாள் இருந்தால் இங்கேயே உட்கார்ந்து முடித்துவிடலாம். வரும்போது அம்மாவுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வா, உப்புக் குறைவாக.

அன்புடன்,
உன் செங்கோட்டை மாப்பிள்ளை